எருமைப் படம் சனிக்கிழமை வராதது பற்றி

கர்த்தருக்குள் அன்பான ஜெரூஷா சித்திக்கு,

சிட்லபாக்கத்திலிருந்து எப்சி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கோவிலம்பாக்கத்தில் நீங்கள் எல்லோரும் சுகமென்றும், சித்தப்பா முழங்கால் வலி குறைந்து நடக்கிறார் என்றும் நம்புகிறேன். போனில் நீங்கள் எது கேட்டாலும் என் வாயில் "சரி சித்தி" என்றுதான் வருகிறது, அதனால் கடிதம். உங்கள் குடியிருப்பு ஹாலில் சனிக்கிழமை நடக்கும் கண்காட்சியிலிருந்து என் பெயரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். படம் மட்டும் வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன். பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று நேற்றுதான் சொன்னீர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவள்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. தேன்மெழுகையும் வெள்ளைக் குங்கிலியத்தையும் உருக்கி, நிறம் கலந்து, அம்மாவின் பழைய காட்டன் புடவைமேல் ஏரிக்கரை எருமை ஒன்றைச் செய்திருந்தேன். உடம்புக்கு அப்பாவின் கறுப்புப் பேன்ட் துணி, அதன்மேல் மெழுகு, அதன்மேல் மறுபடியும் துணி. எவ்வளவு பூசியும் ஓரங்கள் ஒட்டாமல் தூக்கிக்கொண்டே நின்றன. காயட்டும் என்று கொடியில் போட்டேன். அம்மா தொட்டுப் பார்த்து, விறைப்பாக இருக்கவே, கஞ்சி போட்ட திரைச்சீலை என்று நினைத்துச் சுருட்டி இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் குப்பன் அண்ணா, கஞ்சித் துணிதானே என்று தண்ணீர் தெளித்தாராம், தண்ணீர் துணியில் ஊறாமல் உருண்டு அவர் காலிலேயே விழுந்ததாம். அழுத்தினால் வழிக்கு வரும் என்று கரிப்பெட்டியை வைத்து அழுத்தியிருக்கிறார். மெழுகு உருகி, வண்டியில் விரித்திருந்த போர்வைக்குள் இறங்கிவிட்டது. அந்தப் போர்வைமேல் அடுத்து விரித்தது எங்கள் சபை எலியேசர் ஆயரின் வெள்ளை அங்கி. அடிப்பக்கத்தை அண்ணாவும் பார்க்கவில்லை, ஆயரும் பார்க்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஆயர் எங்களைப் பார்த்து நின்றவரைக்கும் ஒன்றுமில்லை. பீடத்தின் பக்கம் திரும்பினார், முதுகு முழுக்க எருமை, கொம்பு தோள்பட்டைவரை. பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போன அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"யாரும்மா பண்ணது?" என்றார் ஆயர்.

"இவதான் ஐயா. வாயத் திறக்க மாட்டா, வேலைய மட்டும் இப்படிப் பண்ணி வைப்பா."

"பரவால்லம்மா. கடைசி பெஞ்ச்ல தூங்குற டெனிஸ் சார்கூட இன்னிக்கு முழிச்சிருந்தாரு."

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன். வெளியே வந்தால் தெருமுனையில் குப்பன் அண்ணா.

"இன்னா பாப்பா, எருமைய இஸ்திரிக்குப் போட்டுகீறியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் பொட்டி பேஜாராயிடுச்சு. தேய்க்கிற துணியெல்லாம் சர்ச் வாசன அடிக்குது. பிள்ளையார் கோயில் குருக்கள் வேட்டிகூட."

படம் பாழாகியிருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். பாழாகவில்லை சித்தி, அதுதான் பயமாக இருக்கிறது. பெட்டிச் சூட்டில் தூக்கிக்கொண்டிருந்த ஓரங்களெல்லாம் படிந்து, எருமை இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்த மாதிரி நிற்கிறது. எப்படிச் செய்தாய் என்று கட்டாயம் கேட்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல? அம்மாவையா, குப்பன் அண்ணாவையா, ஆயரின் முதுகையா?

ஆகவே நான் வரவில்லை. கர்த்தர் உங்கள் வீட்டாரையும், அடிக்கடி பாதியில் நின்றுபோகும் அந்த லிஃப்ட்டையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்,
எப்சி

பி.கு.: தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் கிடைக்காது என்று அப்பா சொல்வதால், இதை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். படத்தை வீட்டில் விட்டுவந்தால் அம்மா துவைக்கப் போட்டுவிடுவார்கள், அதனால் அதுவும் கையோடு வருகிறது. யாராவது பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தையே வாசித்துவிடுகிறேன். நிமிர்ந்து பார்க்க மட்டும் சொல்லாதீர்கள்.