கண்ணில் தண்ணீர் படக்கூடாது

சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகை நாளும் அதுவுமாகத் தாவோன் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். வெளியே பாங்காக் நகரமே ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணிலோ, டாக்டர் முன்பே சொல்லிவைத்தபடி, ஒரு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. லேசர் சிகிச்சைக்குப் போய்வந்து இரண்டே நாள்தான் ஆகிறது.

"வருஷத்துல இத்தனை நாள் இருக்க, இந்த வாரத்தையா தேடிப் பிடிச்சீங்க?" என்றாள் மனைவி அரூனி.

"லீவு வீணாப் போகக் கூடாதேன்னு நினைச்சேன்."

தாவோன் கால்வாய்ப் படகில் டிக்கெட் கிழிப்பவன். பதினாறு வருஷமாகப் படகின் விளிம்பில் தொற்றிக்கொண்டே காலம் தள்ளிவிட்டான். சுக்கான் பிடிக்கும் சம்ரித் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தாவோனுக்கு வேண்டும். முதலாளி பன்சா ஒரே ஒரு குறைதான் சொன்னார். கால்வாய்த் தண்ணீர் தெறித்து மூக்குக் கண்ணாடியை மூடிவிடும், அப்படிப்பட்டவன் கையில் படகைக் கொடுத்தால் நேரே பாலத்தில் கொண்டுபோய் முட்டுவான் என்றார். கண்ணாடி இல்லாமலே பார்வை நன்றாக இருக்கிறது என்று பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்தால் சுக்கான் அவனுக்கு.

சிகிச்சை எப்படி இருந்தது என்று அரூனி கேட்டபோது, சொல்வதற்கு அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் பார்த்தால் நர்ஸ் ஈரத் துணியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டான்.

"இன்னைக்கு இவ்வளவுதாண்ணே. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

வலியே இல்லை. இனி எதற்கு என்று பழைய மூக்குக் கண்ணாடியை அங்கேயே மேசையில் விட்டுவிட்டு, சொட்டு மருந்துக்குக் கண் கூசும் என்று அவர்கள் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடு வண்டியேறி வந்துவிட்டான்.

உலகம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்து வைத்துக்கொள்ளும்படி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முதல் சில நாள் மங்கலாக இருக்குமாம், போகப் போகத்தான் தெளியுமாம். தாவோன் ரொம்பவும் குறைத்து வைத்துக்கொண்டான். மங்க மங்க, மருத்துவம் நன்றாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கை அவனுக்குக் கூடியது.

"சரி, அந்தச் சுவத்துல என்ன தெரியுது?" என்றாள் அரூனி.

"பல்லி. வால் ஆடுறதுகூடத் தெரியுது."

"அது ஆணி."

உள்ளேயே கிடக்கவும் முடியாது. ஒவ்வொரு வருஷமும் படகுத் துறையில் பன்சாவின் அம்மா கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க எல்லாத் தொழிலாளிகளும் போவார்கள். போகாதவன் சுக்கானை மறந்துவிட வேண்டியதுதான்.

அரூனி அவனுக்கு நீச்சல் கண்ணாடியை இறுக்கி மாட்டி அனுப்பினாள். சொங்க்ரான் தெருவில் நீச்சல் கண்ணாடியோடு வருகிறவன் சண்டைக்குத் தயாராக வருகிறான் என்று அர்த்தம். தெருமுனையிலேயே ஆறு வாளி விழுந்தது. திரும்பி ஓடிவந்து குடையை எடுத்துக்கொண்டு போனான். பண்டிகையன்று குடை பிடிப்பதா என்று தெருவில் இருந்த முடி வெட்டும் கடைக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாடியேறி நின்று, குடைக்கம்பி வளையும்வரை ஊற்றினார்கள்.

மூன்றாவது தடவை அரூனி ஓர் அட்டையில் 'கண் ஆபரேஷன், தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதி அவன் கழுத்தில் மாட்டினாள். தெரு இரக்கப்பட்டது. "பாவம், ஆபரேஷனாம். முகத்துல ஊத்தாதீங்கடி, பாத்து ஊத்துங்க" என்று ஒருத்தி சொல்ல, ஐஸ் தண்ணீரைக் குவளை குவளையாக அவன் பிடரியில் பாசத்தோடு விட்டார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தி பண்டிகை வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் வெள்ளைச் சாந்து பூசினார்கள்.

ஆனாலும் கண்ணுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.

துறையில் பன்சாவின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாவோன் மண்டியிட்டான். நீட்டிய கையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மல்லிகைச் சரம் என்று நினைத்து, பக்தியோடு கிண்ணத் தண்ணீர் முழுவதையும் அதன் மேல் ஊற்றினான்.

அது, அம்மாவைப் படம் பிடிக்கப் பக்கத்தில் நின்ற பன்சா நீட்டியிருந்த புது போன்.

பன்சாவின் முகம் மாறுவது அவனுக்குத் தெரியவில்லை என்பதே அப்போது பெரிய உதவியாக இருந்தது. சம்ரித்தான் குறுக்கே வந்தார்.

"தம்பி, உனக்கு நிஜமாவே கண்ணு தெரியுதா? அதோ அந்தப் பாலத்துல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம்."

பாலம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தால் போதாதா? பதினாறு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை அதன் கீழே போகிறவன். "தலையைக் குனியவும். அதுக்குக் கீழே பொடி எழுத்துல பெயின்ட் அடிச்சவன் போன் நம்பர். கடைசி எண் ஏழு."

சம்ரித் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கீழே எழுத்து வேற இருக்கா? எனக்கே இத்தனை நாளாத் தெரியலையே."

பன்சா ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். கடைசி எண் ஏழுதான். நனைந்த போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, இவனுக்குக் கை பதறினாலும் கண் கூர்மையாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சீட்டு வந்ததும் சுக்கான் என்றார்.

அடுத்த ஐந்து நாளும் தாவோன் முகம் கழுவவில்லை, தலை குளிக்கவில்லை. அரூனி படுக்கையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணைத் திறந்துவைத்ததற்கு நன்றி சொன்னான். கோட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி படவிடலம்மா. நாளுக்கு நாள் தெளிவாகிட்டே வருது. சீட்டை மட்டும் எழுதிக் குடுத்தா, இன்னைக்கே படகுல ஏறிடுவேன்."

நர்ஸ் மேசை இழுப்பறையைத் திறந்து, அவனுடைய பழைய மூக்குக் கண்ணாடியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"என்ன சீட்டுண்ணே? அன்னைக்கு நாற்காலி சாஞ்சதுமே மயங்கிட்டீங்க, டாக்டர் இன்னும் உங்க கண்ணைத் தொடவே இல்லை. இன்னைக்காவது முழிச்சிருப்பீங்களா?"