ஈப்போவுக்கு அடியில் ஒரு ராஜ்யம்

மாய உலக நாவலாசிரியர் என்றொரு இனம் மலேசியாவில் எங்கள் பேரா மாநிலத்தில் உண்டு. ஈப்போ காப்பிக் கடைகளில் ஏராளம். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நோட்டு, எதிரே காலையில் வாங்கி மதியம் வரை தீராத ஒரு காப்பி. தெரியாத்தனமாக எதிரில் உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள்.

"மலைக்குக் கீழ ஒரு ராஜ்யம் இருக்கு மச்சான். இந்தக் கடை அடுப்படிக்குப் பின்னாலதான் வாசல். அந்த ஜனங்க நம்மகூடவே நடமாடுறாங்க, நமக்குத்தான் தெரியாது. எழுத்தாளன் கண்ணுக்குத் தெரியும்லா!"

எட்டு வருஷமாகத் தெரிகிறது. ஆறு அத்தியாயம்தான் நகர்ந்திருக்கிறது.

செமோர் பக்க ரப்பர்த் தோட்டத்து உடையப்பன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மலாயில் எழுதத் தெரிந்தவர் என்பதால் மனு, அரசாங்க விண்ணப்பப் பாரம் எல்லாம் அவரிடம்தான் வரும். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் கருப்பம்மாளும் வந்தாள். சிவப்பு ஐசி என்ற, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று ஆகிவிட்ட எழுபதுகள் அவை. இங்கேயே பிறந்தவள், ஆனால் கையில் சிவப்பு ஐசி. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மாதக் கடைசிக்குள் பாரம் போட வேண்டும்.

"அண்ணே, என் பாரம் என்னாச்சு?"

"நாளைக்கு வாலா. ராணி குகையில மாட்டிக்கிட்டு இருக்கா."

மூன்று வாரம் அந்த மகராசி வெளியே வரவில்லை. கருப்பம்மாள் தினமும் வேலை முடிந்து, ரப்பர் பால் வாடையோடு வாசலில் வந்து நிற்பாள். அவர் அவள் தலைக்கு மேலாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஜனங்களைப் பார்க்கிறவருக்கு எதிரே நிற்கிறவளைத் தெரியவில்லை. என்ன பார்வையோ, கண்றாவி!

கடைசி நாள் காலையில் பாரம் வந்தது. படிக்கத் தெரியாத கருப்பம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் எழுத்து. அண்ணன் இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் ஒரு நாட்டுக்கோழியைக் கொடுத்துவிட்டு ஈப்போ பஸ் ஏறினாள்.

அதிகாரி தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கத் தமிழில் ஏழாம் அத்தியாயம். நோட்டு தீர்ந்துவிட்டதாம் மேதைக்கு! "தாக் போலே," முடியாது என்று கையை விரித்தார் அதிகாரி. புதுப் பாரம் நிரப்ப நாளில்லை.

மறுமாதம் வேலை போயிற்று. வேலையோடு தோட்டத்து வீடும் போயிற்று. துணி மூட்டையோடு உடையப்பன் வாசலில் நின்று தாளை நீட்டினாள் கருப்பம்மாள்.

"ஒங்க ராணி வெளியே வந்துட்டாளா அண்ணே? நான் வந்துட்டேன்."

அவர் பாய்ந்து தாளைப் பிடுங்கினார். "ஐயோ, இது உங்கிட்டயா இருந்துச்சு! வீடு பூரா தேடிட்டேன்லா!"

சீ என்கிறீர்கள் அல்லவா? நல்லது. அது கிடக்கட்டும், "நாளைக்கு வா" என்று நீங்கள் போன வாரம் யாரையோ அனுப்பினீர்களே, அவர் என்ன கேட்டு வந்தார் என்று ஞாபகம் இருக்கிறதா?