நகமளவு நல்லடக்கம்

மனித குலம் இதுவரை எட்டிய கலைகளில் உச்சம் எது என்று யாராவது கேட்டால், கோபுரம் என்றும் சிற்பம் என்றும் உளறிவைக்காதீர்கள். கைப்பேசியில் வீடியோ கேம் விற்கும் கடையைத் திறந்தால், ஒவ்வொரு கேமின் பெயருக்குப் பக்கத்திலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம் இருக்கும். 'தம்ப்நெயில்' என்பார்கள். அதுதான் உச்சம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க நேரம் வேண்டும். தம்ப்நெயிலுக்குக் கிடைப்பது கண் சிமிட்டும் நேரம். அதற்குள் விரல் அதன்மேல் விழாவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் குப்பைக்குப் போகும். ராயபுரம் வட்டாரத்தில் அந்தச் சிமிட்டலை ஆளும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் 'அலைமேடை இன்டராக்டிவ்'. உரிமையாளர் தவசிமுத்து முன்பு ஹார்பரில் கன்டெய்னர்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பார். ஆகவே கேம் தொழில் அவருக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

என்னை அவர் தேர்ந்தெடுத்ததும் முற்றிலும் அறிவியல்பூர்வமாகத்தான். மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போகிற ரோட்டில் நான் போஸ்டர் கடை வைத்திருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும்தான். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பதில்லை. கலையில் ஒருமுகம் வேண்டும். என் போஸ்டர் ஒட்டிய சுவரைக் கொருக்குப்பேட்டையில் ஒருவராலும் சும்மா தாண்டிப் போக முடியாது. பைக்கை நிறுத்தி, யாரு, என்ன வயசு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கியரைப் போடுவார்கள்.

"ஓடற வண்டியவே நிறுத்துன ஆளு நீ. ஓடற வெரல நிறுத்த மாட்டியா மாமு?" என்றார் தவசிமுத்து. மறுநாளே நான் 'காட்சி வியூகத் தலைமை ஆலோசகர்' ஆனேன்.

அப்போது நிறுவனம் 'கடைசி ரவுண்டு' என்று ஒரு குத்துச்சண்டை கேமை முடித்து வைத்திருந்தது. அதன் நாயகி கற்பனை இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருக்கும் மதி என்கிற நிஜமான பெண். உடம்பெல்லாம் அசைவைப் பதியும் கருவிகளைக் கட்டிக்கொண்டு எங்கள் மொட்டைமாடியில் மாதக்கணக்காகக் காற்றைக் குத்தினாள். அந்தக் குத்துகள்தான் கேமுக்குள் இருக்கின்றன. பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கடையில் வரும் படத்தில் தன் முகம் இருக்க வேண்டும். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரப்போகிறது. அதில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை குத்துச்சண்டைச் சங்கத்தில் அவளைத் தட்டிக்கழித்திருந்தார்கள். நாலு பேருக்கு முகம் தெரிந்துவிட்டால் தட்டிக்கழிக்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள் என்று நம்பினாள்.

"மூஞ்சிய மட்டும் போடு நைனா. மீதிய நான் பாத்துக்கறேன்," என்றாள். போட்டோம். எப்படிப் போட்டோம் என்பதுதான் வரலாறு.

முதல் படத்தை வரைந்தவன் எங்கள் ஓவியன் நோயல். சிவப்பு க்ளவுஸ், புருவத்தில் ஒரு வெட்டு, கழுத்தில் வழியும் வியர்வை, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கறுப்புத் தோல் வெயிலில் பளபளத்தது. பார்த்த எனக்கே தாடையில் ஒன்று வாங்கியதுபோல் இருந்தது. ஆகவே உடனடியாக அதைத் திருத்துவதற்குக் கூட்டம் கூட்டினோம்.

விற்பனைத் தலைவி ஜானட் தொடங்கிவைத்தார். "முகத்துல லைட்டிங் பத்தல."

"நல்ல வெயில்லதான் வரைஞ்சிருக்கேன் மேடம்," என்றான் நோயல்.

"வெயில் பத்தல."

அந்த அறையில் 'கறுப்பு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள். நோயல் வெயிலைக் கூட்டினான், மறுபடி கூட்டினான், கூட்டக் கூட்ட மதி மாவு மில்லில் இருந்து வெளியே வந்தவள்போல் ஆனாள். "இது யார்ரா?" என்று தவசிமுத்து உண்மையிலேயே கேட்டார். நிறத்தால்தானே இத்தனை தொல்லை, நிறத்தையே எடுத்துவிடுவது என்று ஒருமனதாக முடிவானது. படம் கறுப்பு வெள்ளை ஆயிற்று. அதற்கு ஜானட் 'உலகத் தரம்' என்று பெயர் வைத்தார்.

"க்ளவுஸ் வயலண்டா இருக்கு. எடுத்துடலாம்."

"மேடம், இது பாக்ஸிங் கேமு."

"அது உள்ள போனா தெரியப்போகுது."

புருவத்து வெட்டு குடும்பங்களைப் பயமுறுத்தும் என்று அதையும் ஆற்றினோம். சிரிப்பு 'கண்ணியமாக' இல்லை என்று வாயை மூடினோம். மீதி இருந்தது, யாரோடும் வம்பில்லாமல் நேராகப் பார்க்கும் ஒரு முகம். அதற்குமேல் என் கைவரிசை. தலைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளை வட்டம். மேலிருந்து உதிரும் ரோஜா இதழ்கள். கீழே தடித்த எழுத்தில் 'மதி', அதற்குக் கீழே 'கடைசி ரவுண்டு'. கேமின் வெள்ளோட்டம் தொடங்கும் தேதி இடப்பக்கம், முடியும் தேதி வலப்பக்கம். நகமளவில் தேதியை யாராலும் படிக்க முடியாது. பக்கத்துக்கு ஒன்று இருப்பது மட்டும் தெரியும்.

தவசிமுத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன்னு தெர்ல மாமு, அயுக வருது," என்றார். நான் அதை என் கலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வெளியிட்டோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை கைப்பேசிகளுக்கு விளம்பரமாகவும் அனுப்பினோம். ஊர் என் படத்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டது. மதியத்துக்குள் பாதி வியாசர்பாடி அதை ஸ்டேட்டஸாக வைத்துவிட்டது. மதி வீட்டு பிளாக்கின் கீழே பந்தல் போட்டு நாற்காலி பரப்பினார்கள். மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐஸ் பெட்டியை மூன்றாவது மாடிவரை தூக்கிப்போய், உள்ளே வைக்க ஆள் இல்லாததால் படிக்கட்டிலேயே இறக்கி வைத்திருந்தார்கள். வேலை விட்டு வந்த அவள் அம்மா தாயம்மா, யாருக்கு மேளம் என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அங்கேயே விழுந்துவிட்டார். பயிற்சி முடிந்து தோளில் பையோடு வந்த மதிதான் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அலுவலகத்தில் நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். படத்தை அழுத்தியவர்களின் தொகை நாங்கள் கனவிலும் காணாதது. கதவைத் தள்ளிக்கொண்டு மதி வந்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? நான் செத்துட்டனா?"

ஜானட் ஒரு துண்டு கேக்கை நீட்டினார். "கங்கிராட்ஸ் மதி! உங்க படத்துக்கு ரெஸ்பான்ஸ் பிரமாதம்."

"எங்கம்மா மயங்கி வியுந்துட்ச்சி. ஊரே மாலைய தூக்கிகினு வந்துகினு கீது. சங்கத்துல எனுக்கு மௌன அஞ்சலி நின்னுட்டு, செலக்சன்ல என் பேர அடிச்சிட்டானுங்க. நாளான்னிக்கி செலக்சன். இத்த எடுத்துட்டு நோயலு வரைஞ்ச படத்த போடு."

"கண்டிப்பா எடுக்கலாம். ஆனா எமோஷனலா எடுக்கக் கூடாது. டேட்டா பார்த்து எடுக்கணும்," என்றார் ஜானட்.

டேட்டா என்பது இதுதான். நோயல் வரைந்த படத்தைப் பாதிப் பேருக்குக் காட்டுவது, என் படத்தை மீதிப் பேருக்குக் காட்டுவது. ஒரு வாரத்தில் எதை அதிகம் பேர் அழுத்துகிறார்களோ அது நிற்கும்.

"ஒரு வாரமா? நாளான்னிக்கி செலக்சன்னு சொல்லிகினு கீறேன்!"

"அறிவியலை அவசரப்படுத்தக் கூடாதும்மா," என்றேன் நான்.

இப்படியாக மதிக்கும் மதிக்கும் போட்டி நடந்தது. நோயல் வரைந்த, உயிரோடிருந்த மதி மறுநாள் காலைக்குள்ளேயே தரையில் கிடந்தாள். சிரிக்கிற படத்தின் கீழே, 'யார்ரா இது, ரவுடி கேமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். என் படத்தின் கீழே, 'எங்கள் மண்ணின் பெருமையே, உன்னைப் போல் இனி யார்' என்று கண்ணீர்த் துளிகள் வரிசை வரிசையாக விழுந்திருந்தன.

அன்றே மதி சங்கத்துக்குக் கிளம்பினாள். அவள் உயிரோடிருப்பதற்குச் சாட்சியாக, நிறுவனத்தின் சார்பில் நானும் போனேன். திருவொற்றியூரில் ஓர் அறை. சுவரில் என் படம், பெரிதாக்கப்பட்டு, மாலையோடு. செயலாளர் அப்பாவு மதியைக் கண்டதும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் அவள் வந்தால் செய்தித்தாளில் இருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டாராம்.

"வாம்மா. உன் பேர்ல கோப்பை அறிவிச்சிகீறோம். மதி நினைவுக் கோப்பை."

"நான்தான் உயிரோட கீறனே சார்!"

"அதாம்மா பேஜாரு. நோட்டீஸ் அடிச்சாச்சு. சங்கத் தலைவரோட இரங்கல் பேப்பருக்குப் போயாச்சு. இப்ப போயி நீ சாவலன்னு சொன்னா தலைவருக்கு அசிங்கம்."

"செலக்சன்லயும் பேர அடிச்சிட்ட. அந்தக் கோப்பைலயாச்சும் ஆட வுடு."

அப்பாவு நிஜமாகவே யோசித்தார். "உன் நினைவா நடத்தற போட்டில நீயே வந்து குத்துனா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாத இல்ல?"

"உயிரோட கீறப்ப ரெண்டு தபா வெளிய அனுப்புனியே, அப்ப எங்க போச்சு இந்த மரியாத?"

"அப்ப உன்ன யாருக்கும்மா தெரியும்?"

மதி அழவில்லை. சுவரில் இருந்த மாலையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். படத்தையும் இழுத்துப் பார்த்தாள். ஆணியை உறுதியாக அடித்திருந்தார்கள். வெளியே வந்ததும் என்னைக் கேட்டாள். "நீயாச்சும் சொல்லு நைனா. நோயலு வரைஞ்சதுல இன்னா தப்பு? அதுவும் என் மூஞ்சிதான?" நான் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு அவள் இல்லாமல் இனிதே நடந்தது. கோப்பைக்கு எங்கள் நிறுவனம்தான் புரவலர். தம்ப்நெயிலுக்கு ஒரு விருதும் வந்திருக்கிறது; வடசென்னைப் பெண் ஒருத்தியை இவ்வளவு கண்ணியமாக யாரும் காட்டியதில்லை என்று நடுவர்கள் நெகிழ்ந்திருக்கிறார்கள். பாராட்டு எல்லோருக்கும் உரியது. ஜானட் நிறத்தை எடுத்தார். நோயல் சொன்னபடி கேட்டுச் சிரிப்பை எடுத்தான். நான் மலர் தூவினேன். சங்கம் பெயரை அடித்தது. ஊர் கண்ணீர் விட்டு அழுத்தியது. அவரவர் பங்கை அவரவர் குறையில்லாமல் செய்தோம். மதி மட்டும்தான் ஒத்துழைக்காமல், இன்னும் உயிரோடு இருக்கிறாள்.