பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

பல் டாக்டருக்கு கிளினிக்கில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம். கிளினிக்கில் வருகிறவர்களை எல்லாம் "வாயைத் திறங்க" என்பார். திறந்த பிறகு அவர்களால் பேச முடியாது. இவர் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டிலோ இவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்திருக்கும். மனைவி பூகோள டீச்சர். உலகத்தில் எது எது எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. டாக்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ஆசையாக எடுத்து வைத்த கட்டம் போட்ட சட்டையை டீச்சர் மறுபடி அலமாரிக்குள் வைத்துவிட்டு வேறு சட்டையை நீட்டினார். டாக்டருக்குள் ஏதோ நறுக்கென்று முறிந்தது. பல் இல்லை, பொறுமை.

கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே பின்பக்கத்து மதில் சுவருக்குப் போனார். மதிலுக்கு அந்தப்பக்கம் ரிட்டயர் ஆன ரயில் டிரைவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு முடிவு பண்ணிட்டேன். பழைய காலத்து மாடல்ல ஒரு சைக்கிள் செய்யப் போறேன். ஒவ்வொரு பாகமா நானே தேடி, நானே பூட்டி."

"பேஷ்! டீச்சரைக் கேட்டீங்களா?"

"அதுதாண்ணே முடிவே. இந்த சைக்கிள் விஷயத்துல அவ என்ன சொன்னாலும் அதுக்கு நேர் எதிராத்தான் செய்வேன். மேற்குன்னா கிழக்கு. வேணாம்னா வேணும்."

"அப்படிப் போடுங்க! டீச்சர் சொல்றதுக்கெல்லாம் எதிரா!" என்றார் ரயில் டிரைவர்.

அவர் ஆயுசு பூராவும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் தெருமுனையில் தூங்குகிற நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். சமையலறை ஜன்னலோ மதிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திறந்தும் இருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானமே சோதனை ஆரம்பமாகிவிட்டது.

"சைக்கிள் செய்யப் போறீங்களாமே? நல்ல விஷயங்க," என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு. குறுக்குக் கம்பி வெச்ச ஃப்ரேமா பாருங்க. அதுதான் ஆம்பளைக்குக் கம்பீரம்."

பழைய இரும்புக் கடைக்காரர் டாக்டருக்கு வேண்டியவர். கடைவாய்ப் பல் வலி தீர்ந்த நாளிலிருந்து, டாக்டர் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் இரண்டு ஃப்ரேம் எடுத்துப் போட்டார். ஒன்றில் குறுக்குக் கம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இன்னொன்றில் கம்பி அழகாகச் சரிந்து கீழே இறங்கியது. டாக்டரின் கண் முதலாவதில் நின்றது. கை இரண்டாவதைத் தூக்கியது.

"டாக்டர், இது லேடீஸ்..."

"தெரியும்யா. கட்டுங்க."

அடுத்தது பெயின்ட் உரிக்கிற வேலை. ஃப்ரேமை முற்றத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். முகமூடி, கையுறை எல்லாம் தொழிலுக்கு ஏற்கெனவே உண்டு. பெயின்ட் கரைக்கிற ஜெல்லைப் பிரஷ்ஷால் தடவிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்தது. சுரண்டியால் வழித்தால் நீலம் போய் மெரூன் வந்தது. மெரூனுக்கு அடியில் மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் கறுப்பு. வாங்கிய ஒவ்வொருவனும் புதுக் கலர் அடித்து அதற்கு ஒரு கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறான்! கம்பிகள் சேருகிற மூட்டுகளில் சுரண்டி நுழையவில்லை. டாக்டர் கிளினிக்கிலிருந்து கறை எடுக்கிற கொக்கி ஊசியைக் கொண்டு வந்தார். ஹேண்டில் பூட்டுகிற குழாயின் வாயில் டார்ச் அடித்து, "கொஞ்சம் நல்லாத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க," என்று சொல்லிக்கொண்டே சுத்தம் செய்தார். வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்தபோது, அவருக்கே பல் முளைத்த குழந்தை மாதிரி சிரிப்பு வந்தது.

டீச்சர் காபியோடு வந்து நின்றார்.

"நல்லாத்தான் உரிக்கிறீங்க. ஜெல் பாதி டப்பா மிச்சம் இருக்கு போல. அதுக்காக வாசல் கேட்டைப் போய் உரிச்சு வெச்சிடாதீங்க. துருவும் பெயின்ட்டுமா அது அப்படியே இருந்தாத்தான் அழகு."

பல வருஷமாக அந்தக் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கச் சொல்லித் தொண்டை வறண்டவர் டீச்சர். இப்போது வேண்டாம் என்கிறாரே என்று டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் கேட் தோலுரிந்து நின்றது. மறுநாள் ஜன்னல் கம்பிகள். அவற்றையும் டீச்சர் தொடக்கூடாது என்றிருந்தார்.

"கலர் மட்டும் கறுப்பா அடிங்க," என்றார் டீச்சர். "பச்சைன்னா எனக்குக் கண்ணுலயே காட்டக்கூடாது."

சைக்கிள் பச்சை. கேட் பச்சை. ஜன்னல் பச்சை. டாக்டரின் காது மடல்கூடக் கொஞ்சம் பச்சை.

பிரேக்கில்தான் அவர் திண்டாடினார். கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பியே நேராக இறங்கிச் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் ஒன்று. வயர் இழுக்கிற பிரேக் ஒன்று. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரமே நின்றுவிடுகிற கால் பிரேக் ஒன்று. டாக்டரின் மனசு கம்பி பிரேக்கில் சொக்கிக் கிடந்தது. ரயில் டிரைவரிடம் யோசனை கேட்டார்.

"பிரேக்குன்னா அவசரமே படக்கூடாது டாக்டரே," என்றார் அவர். "நான் பிரேக் போட்டா வண்டி அடுத்த ஊர்லதான் நிக்கும்."

யோசனை அத்தோடு முடிந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது டீச்சரே பேச்சை எடுத்தார்.

"என்ன பிரேக் போடப் போறீங்க?"

"யோசிக்கிறேன். பிரேக் கட்டை நல்ல கட்டையா அமையணும்."

"வீட்டுல ஒரு முட்டுக்கட்டை இருக்கேன்னு வாய்க்குள்ள முணுமுணுக்கறீங்களா?"

"சேச்சே!"

"நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கம்பி பிரேக்கையே போடுங்க. என்ன மிடுக்கு! கால் பிரேக்கு மட்டும் வேணவே வேணாம்."

டாக்டர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். ஆசைப்பட்டதையே அவளும் சொல்கிறாள்! ஆனால் ஆம்பளை எடுத்த முடிவு. மறுநாள் கனத்த மனசோடு கால் பிரேக்கைப் பூட்டினார். சீட்டை உயரமாக வைக்கச் சொன்னார் டீச்சர், சீட் தாழ்ந்தது. முன்னால் கூடை வைத்தால் அசிங்கம் என்றார். கூடை வந்தது, அதுவும் பெரிசாக.

ஒரு திங்கட்கிழமை காலை வண்டி தயார். பச்சைக் கேட்டின் முன்னால் பச்சை சைக்கிள், பாகற்கொடியில் காய்த்தது மாதிரி நின்றது. பல்சக்கரத்தில் எண்ணெய் போட்டு, ஒவ்வொரு பல்லையும் துடைத்து வைத்திருந்தார் டாக்டர். ரயில் டிரைவர் தன் பழைய பச்சைக் கொடியைத் தேடி எடுத்து வந்து அசைத்தார்.

டாக்டர் ஏறினார். முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடித்தன. பரவாயில்லை என்று மிதித்தார். வண்டி வெண்ணெயாக வழுக்கியது. தெரு பின்னால் ஓடியது. ஆனந்தம் தலைக்கேறியது. ஆனந்தம் வந்தால் பெடலைச் சும்மா பின்னால் சுற்றுவது சின்ன வயசிலிருந்தே அவர் பழக்கம். சுற்றினார்.

வண்டி நின்றது. டாக்டர் நிற்கவில்லை. அவர் மட்டும் தனியாகப் போய் எதிர்வீட்டு வேலிச்செடிக்குள் உட்கார்ந்தார்.

எழுந்து வந்து மறுபடி ஏறினார். மறுபடி ஆனந்தம். மறுபடி வேலி.

"டாக்டரே, சிவப்புக் கொடி எடுத்துட்டு வரவா?" என்றார் ரயில் டிரைவர்.

டீச்சர் வெளியே வந்தார். சுடிதார், தோளில் பை, கையில் ஒரு கட்டு பூகோளப் புத்தகம். புத்தகக் கட்டைக் கூடையில் வைத்தார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. சீட்டில் உட்கார்ந்தார். கால் தரையில் அழகாக ஊன்றியது.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர், தலையிலிருந்து இலையை எடுத்தபடி.

"எனக்கு ஏரிக்கு அந்தப்பக்கத்து ஸ்கூலுக்கு மாத்தல் ஆயிடுச்சுங்க. இன்னிக்கு முதல் நாள். அங்க பஸ்ஸே கிடையாது. போர்டுல எழுதி எழுதி மணிக்கட்டு வேற போச்சு. கைப் பிரேக்கை அழுத்தவே முடியாது."

டாக்டரின் வாய் கடைவாய் தெரியத் திறந்தது.

"ஜன்னல் திறந்திருந்துச்சுங்க," என்றார் டீச்சர் மெதுவாக. "அண்ணன் குரலும்தான்."

ரயில் டிரைவர் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

நாலு கலர் சாயத்தை உரித்த டாக்டருக்குத் தன் சாயம் வெளுத்தது புரிந்தது. "என்னையே நேரா கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்க. இவ்வளவு ஆசையா செஞ்சிருப்பீங்களா?"

டீச்சர் ஒரு மிதி மிதித்தார். சைக்கிள் சத்தமே இல்லாமல் கிளம்பியது. துப்பட்டா பறந்தது. முனையில் ஒரு பூனை குறுக்கே வர, பெடலைப் பின்னால் ஒரு அழுத்து. வண்டி பூப்போல நின்று, பூனைக்கு வழிவிட்டுப் போனது. எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள் என்று டாக்டருக்கு நெஞ்சு பூரித்தது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறேன் என்று அதற்கு மேலும் பூரித்தது.

திரும்புகிற இடத்தில் டீச்சர் தலையைத் திருப்பிக் கத்தினார்.

"என்னங்க! நான் வர்றதுக்குள்ள சமையல் கிமையல் பண்ணி வெச்சிடாதீங்க!"

டாக்டர் வாசலிலேயே நின்று யோசித்தார். சமைத்தால் அவள் நினைத்தது நடக்கும். சமைக்காவிட்டால் அவள் சொன்னது நடக்கும்.

"என்ன டாக்டரே, என்ன பண்ணப் போறீங்க?" என்றார் ரயில் டிரைவர் தெரு முழுக்கக் கேட்கும்படி.

டாக்டர் உள்ளே போய், சமையலறை ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.