ஒலி எழுப்பாது என்று சான்று பெற்ற பாட்டு

தன் பாட்டை ஒருவராவது முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை என்று சரக்குச் சோதனை அலுவலகத்திலேயே பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஆசை அக்காவுக்கு இருந்தது. அக்கா என்றால் கிதார் வாசிக்கும் தம்பிக்கு அக்கா. அவள் எழுதிப் பாடுவாள், அவன் வாசிப்பான். குழு என்பது அவ்வளவுதான். செல்போனில் ஏற்றிய ஏழு பாட்டையும் ஊரே திறந்து பார்த்தது. திறந்தவர்கள் ஆளுக்கு ஒன்பது விநாடி கேட்டார்கள். அக்கா வாயைத் திறப்பதோ பதினோராவது விநாடியில்.

"ரெக்கார்டா அடிச்சிடலாம்டா," என்றாள் ஒருநாள். "அதுல விரலால தள்ளிவிட முடியாது. முள்ளை வெச்சா வெச்சதுதான். உக்காந்து கேட்டே ஆகணும்."

நூறு இசைத்தட்டு போதும் என்று முடிவாயிற்று. அடித்துக் கொடுக்கும் ஆலை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர்கள் முதலில் ஒரு மாதிரித் தட்டு அனுப்பி, "முழுமையாகக் கேட்டோம், குறையில்லை" என்று கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. தம்பி தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கோடெல்லாம் நெருக்கமா, அழகா விழுந்திருக்குக்கா."

அக்கா கையெழுத்துப் போட்டாள். நல்ல காரியத்துக்காகச் சொல்லும் சின்னப் பொய்யைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது அவள் நம்பிக்கை.

நூறு தட்டும் பெட்டியில் வந்து இறங்கின. சரக்குச் சோதனை அதிகாரி தங்கமான மனிதர். விதிப் புத்தகத்தை விரித்து, சுவர்கூட விளங்கிக்கொள்ளும்படி நிதானமாகப் படித்தார். "ஒலி தரும் பொருள் எதையும், அதிகாரி நேரில் கேட்டறிந்த பின்னரே விடுவித்தல் வேண்டும்."

"கேளுங்க சார்!" அக்காவின் முகம் மலர்ந்தது.

"கேக்கலாம்மா. பிளேயர் வேணுமே."

"ஆபீஸ்ல இல்லையா சார்?"

"வாங்கறதுக்குக் கோப்பு நகர்ந்துக்கிட்டு இருக்கு. பதினோரு வருஷமா நல்லாவே நகருது. இப்போ மூணாவது மாடி வரைக்கும் ஏறியாச்சு."

"எங்கயாவது இரவல் வாங்கிட்டு வந்துடறோம் சார்," என்றான் தம்பி.

"வெளியாள் கருவியில அரசாங்கம் காதை வைக்கிறதா? நல்லா இருக்கு தம்பி."

கேட்டால் கொடுப்பவன் கடவுள். கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் தர்மம். அக்கா கண் கலங்குவதைப் பார்த்து, பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், ஒலி தராத பொருளா இருந்தா கேட்டுப் பாக்கவே வேண்டாமே?"

அதிகாரி யோசித்தார். ஒரு தட்டை எடுத்து வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை. உங்களுக்கு?"

டைப் அடிக்கும் அம்மாவும் காதில் வைத்துப் பார்த்தார். "ஊஹும்."

"நீங்க கேளுங்கம்மா. உங்க பொருள்தானே?"

"அது தானா பாடாது சார், அதுக்கு..."

"பாடுதா, பாடலையா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அக்கா காதில் வைத்தாள். பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது. "பாடலை சார்."

அன்று மாலைக்குள் நூறு அட்டையிலும் முத்திரை விழுந்தது. "இப்பொருள் எவ்வித ஒலியையும் எழுப்பாது எனச் சான்றளிக்கப்படுகிறது." அட்டையில் அக்கா வாய் திறந்து பாடுகிற படம். முத்திரைக்கு ஏற்ற காலி இடம் அந்த வாய்தான் என்று டைப் அடிக்கும் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

இனி யார் வாங்கப்போகிறார்கள் என்று அக்கா உடைந்துபோனாள். ஆனால் நாகரிகத்தின் வழி தனி வழி. ரெக்கார்டுகளை அடுக்கி வைத்து விற்கும் காபிக் கடை ஒன்றில் கொடுத்தார்கள். நான்கே நாளில் நூறும் போய்விட்டன. அரசாங்கமே வாயடைத்த ரெக்கார்டு வேறு எங்கே கிடைக்கும்? வாங்கிய ஒரு தாடிக்காரரை அக்கா ஆவலோடு மடக்கினாள்.

"போட்டுக் கேட்டீங்களா?"

"ஐயோ, கீறல் விழுந்துடும் அக்கா! ஃபிரேம் போட்டு மாட்டிட்டேன். என்ன இருந்தாலும் வினைல் தட்டுல வர்ற அந்த இதமான சத்தம் வேற எதுலயும் வராதுக்கா."

கடைக்காரர் இன்னும் இருநூறு கேட்டார். இருநூறும் வந்து, அதே முத்திரைக்காக அதே அலுவலகக் கிடங்கில் காத்திருந்த சமயத்தில்தான் அலுவலகத்துக்கு அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவர் ஒரு தையல்காரர். "ஐயா, காபிக் கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் இந்த ரெக்கார்டை வாங்கினேன். ஒலி எழுப்பாது என்று அட்டையில் உள்ளது. ஆனால் பாடுகிறது. மிக நன்றாகப் பாடுகிறது. மூன்றாவது பாட்டைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் தைக்கிறேன். முத்திரையை நம்பி மற்றவர்கள் கேட்காமல் இருந்துவிடப் போகிறார்கள். தயவுசெய்து திருத்தவும்."

இதில் பாராட்டு எது என்று பார்க்க அலுவலகத்தில் பிரிவு கிடையாது. புகார்ப் பிரிவு உண்டு. ஆகவே கடிதம் புகாராயிற்று. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அக்காவுக்கு அனுப்பிய நோட்டீஸோடு கடிதத்தின் நகல் இருந்தது. நோட்டீஸை அவள் ஒருதடவை படித்தாள். நகலைப் பதினான்கு தடவை படித்தாள்.

தையல்காரர் தன் பிளேயரைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். சோதனைக்குத்தான் வெளியாள் கருவி ஆகாது, சாட்சியத்துக்கு ஆகுமாம். உட்கார்ந்ததும் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், உங்க சட்டையில இடது தோள் அரை விரல்கடை இறங்கியிருக்கு."

"விசாரணைக்குச் சம்பந்தமில்லாததைப் பேசக் கூடாது," என்று தோளைத் தூக்கிக்கொண்டார் அதிகாரி.

முள் இறங்கியது.

நாற்பது நிமிஷம், இரண்டு பக்கம். யாரும் விரலால் தள்ளவில்லை. தன் ரெக்கார்டை அக்காவே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். மூன்றாவது பாட்டு, வேலைக்குப் போய் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து தூங்கிவிடுகிற ஒருத்தியைப் பற்றியது. டைப் அடிக்கும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

முள் எழுந்தது.

"ஒலி வருதுன்னு எழுதினா," என்றார் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் சான்று பொய். பாடலைன்னு சொன்ன இந்தப் பொண்ணோட வாக்குமூலமும் பொய். வித்ததைச் சுவர் சுவரா ஏறிக் கழட்டணும். கிடங்குல இருக்கற இருநூறும், மூணாவது மாடியிலிருந்து கோப்பு இறங்கற வரைக்கும் அங்கேயே கிடக்கும்."

"வரலைன்னு எழுதினா சார்?" என்றான் தம்பி.

"யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை." அதிகாரி டைப் அடிக்கும் அம்மா பக்கம் திரும்பினார். "எழுதுங்க. விசாரணைக் குழு இரு பக்கங்களையும் முழுமையாகக் கேட்டது. எவ்வித ஒலியும் எழவில்லை. புகார்தாரரின் செவித்திறனைப் பரிசோதிக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது."

டைப் அடிக்கும் அம்மா விசும்பலை அடக்கிக்கொண்டு ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்தார்.

கையெழுத்துப் போடக் காகிதம் அக்காவிடம் வந்தது. அவள் குனிந்து, மெதுவாகக் கேட்டாள். "சார், மூணாவது பாட்டு எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பாட்டு?" என்றார் அதிகாரி உரக்க. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது சரணத்தைச் சட்டுனு முடிச்சுட்டீங்க. இன்னும் ரெண்டு வரி இருந்திருக்கலாம்," என்றார்.

அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் இரண்டாவது சரணத்தைப் பற்றிப் பேசியதில்லை. அந்த நிறைவோடு கையெழுத்துப் போட்டாள்.

தையல்காரர் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தார். "ஏம்மா, நீயே சொல்லு. பேசறதும் அதே குரலா இருக்கே. இதுல நீ பாடியிருக்கியா, இல்லையா?"

தம்பி அக்காவின் காலை மிதித்தான்.

"இல்லைங்கய்யா," என்றாள் அவள், சுருதி பிசகாமல்.

தையல்காரர் பிளேயரைத் துணியில் சுற்றினார். முடிச்சுப் போட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அப்போ என் காதுதான். காலம் பூரா மெஷின் சத்தத்துலயே இருந்த காது." எழுந்து அக்காவின் முன்னால் கைகூப்பினார். "மன்னிச்சிடும்மா. ஒரு பாவமும் அறியாத பொண்ணு மேல, நல்லாப் பாடறான்னு பழியைப் போட்டுட்டேன்."

அக்கா பெருந்தன்மையோடு மன்னித்தாள். அதையும் குறிப்பில் ஏற்றச் சொன்னார் அதிகாரி.