தபாலில் வந்த பத்திரிகைக்குப் பதில்

முகாம்: பல்லாவரம், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

சென்னைப் பட்டணத்தில் மாடி வைத்த வீட்டுக்குச் சொந்தக்காரரும், என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பியும், ரிட்டையர் ஆன ஆபீசருமான கண்ணாயிரத்துக்கு எலவனாசூர்கோட்டை அண்ணி கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டதாக வைத்துக்கொள். உன் பெண்டாட்டி அருள்மொழிக்கு மூட்டுவலி என்று கேள்விப்பட்டேன். எனக்கு மூட்டுவலி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அது உங்கள் காதுக்கு எட்டியிருக்க நியாயமில்லை, பட்டணம் ரொம்ப தூரம்.

விஷயம் இதுதான். என் பேத்தி மணிமொழிக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் அப்பன் தமிழரசன் ஹாஸ்டலே கூடாது என்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயா நானும் கூட இருக்கிற மாதிரி ஒரு வீடு பிடித்தால் வேலை, இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி வந்து அவன் மச்சான் மகன் சரத்குமாருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியது என்று சொல்லிவிட்டான். சரத்குமாரை உனக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டையில் செல்போன் கடை வைத்துக்கொண்டு, அந்தக் கடையைத் தவிர எல்லாக் கடையிலும் உட்கார்ந்திருப்பான். மணிமொழி பஸ்ஸில் சர்ட்டிபிகேட் ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். இதற்காகத்தான் தமிழரசன் முதலில் உனக்குப் போன் போட்டான். மாடி போர்ஷன் காலியாமே சித்தப்பா என்று கேட்டானாம். நீ, "அடடா, நேத்துதாம்பா ஆள் வந்தாங்க" என்றாயாம். நல்லது. வந்தவர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

நீ கொடுத்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடாத வீட்டில் எப்படிக் கால் வைப்பது? பத்திரிகை அனுப்பினேனே அண்ணி என்பாய். அனுப்பினாய், தபாலில். மூணாம் கிளாஸ் படிக்கும்போது உன் மூக்கைத் துடைத்து, டிராயருக்கு அரைஞாணை இழுத்துக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின அண்ணிக்கு, நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லாமல் அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினாய். உன் மச்சான் வீட்டுக்கு மட்டும் தட்டு, பழம், கார் எல்லாம் போனது. கார் வெள்ளைக் கலர். பதினாறு வருஷம் ஆகிறது, நான் மறந்தா போய்விட்டேன்? பத்திரிகையில் அடித்திருந்த விலாசமே இன்னும் மனப்பாடம்: எண் பதினாலு, தாமரைக்குளம் இரண்டாவது சந்து, பம்மல். அந்த வாசற்படியை இந்தக் கால் மிதிக்காது என்று அன்றைக்கே சொன்னேன். மிதிக்கவும் இல்லை.

இந்த ஊரில் வீடு பிடிப்பதைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும், சொந்த வீட்டுக்காரனுக்குப் பொது அறிவு கம்மியாக இருக்கும். ஜெயப்பிரகாஷ் என்று ஒரு புரோக்கர். அவருக்கு எல்லா வீடும் ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம். எந்த ஸ்டேஷன், யாருடைய காலில் என்று கேட்கக்கூடாது. முதல் வீட்டம்மா எங்களை நிற்க வைத்தே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பீர்கள், விருந்தாளி வருவார்களா, பெண்ணுக்குப் போன் ஜாஸ்தி வருமா என்று விசாரித்தாள். கடைசியாக, நீங்க என்ன ஆளுங்க என்றாள். எலவனாசூர்கோட்டை ஆளுங்க என்றேன். அது இல்லைங்க என்றாள். அதுதாங்க என்றேன். வீடு போயிற்று. இரண்டாவது வீட்டுக்கு மாடிப்படியில் ரேஷன் கடை மாதிரி வரிசை. எனக்குப் பின்னால் நின்ற பையன் படியில் நின்றபடியே செல்லைத் தடவினான், அட்வான்ஸ் போய்விட்டதாம், வீடு அவனுக்காம். கதவைக்கூட அவன் பார்க்கவில்லை. நம்மூரில் ஆட்டுக்குட்டி வாங்கினால்கூடப் பல்லைப் பார்ப்போம். மூன்றாவது வீட்டில் அடுப்படியும் கக்கூசும் ஒரே கதவு. ஓனர், "காம்பேக்ட்டா இருக்கும்மா" என்றார். ஆமாம், சாப்பிட்டவனுக்கு நடை மிச்சம்.

நாலாவது வீடுதான் கிடைத்திருக்க வேண்டியது. வெள்ளையடித்த வீடு, கிணற்றுத் தண்ணீர், ஓனரம்மாவும் தங்கமான முகம். ஒன்று கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவது நமக்குப் பழக்கமில்லை அல்லவா, ஊரிலிருந்து வயர் கூடையில் ஒரு சேவலைக் கொண்டுவந்திருந்தேன், நல்ல இரண்டரைக் கிலோ. அந்தம்மா நீங்க நான்வெஜ்ஜா என்று கேட்டார். மணிமொழி தலையைக் குனிந்து, சுத்த சைவம் ஆன்ட்டி என்றாள். கூடை கூவியது. ஒரு தடவை கூவியிருந்தால் நான் இருமினேன் என்று சமாளித்திருப்பேன், அது மூன்று தடவை கூவியது. சும்மா வளர்க்கிறதுங்க என்றேன். அந்தம்மா கதவைச் சாத்தும்போதுகூட முகம் தங்கமாகத்தான் இருந்தது.

நேற்று பொழுது சாயும் நேரத்துக்கு ஐந்தாவது வீடு பல்லாவரத்தில் இருக்கிறது என்று புரோக்கர் ஆட்டோவில் ஏற்றினார். பின்பக்கச் சந்தில் இறக்கி, பின் கேட் வழியாக மாடிக்குக் கூட்டிப்போனார். ஓனர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம், ஞாயிறு சாயங்காலம்தான் வருவாராம். இவ்வளவு நல்ல வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு மாசமா ஆளே வர்ல பாட்டி. ஓனர் கண்டிஷன் அப்படி. பொறந்ததுலேர்ந்து சைவமாம், கறிவாசன ஆவாது. மோட்டாரு காலைல பத்து நிமிஷந்தான். அதவுட முக்கியமா, சொந்தக்காரங்களுக்குத் தரவே மாட்டாரு" என்றார். உன்னைவிட மோசமான மனுஷனும் இந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டதில் மனசுக்கு ஒரு ஆறுதல். நமக்கென்ன, நாம் அவருக்கு யாரோதானே என்று சரி சொல்லிவிட்டேன். புரோக்கர் தள்ளிப் போய் நின்று போன் பேசிவிட்டு வந்து, "ஓகே சொல்ட்டாரு. வயசான அம்மா ஒருத்தங்க கூட இருந்தா வூட்ட நம்பி வுடலாம்னாரு" என்றார். பேர்கூடக் கேட்கவில்லையாம். பார், ரத்தசம்பந்தம் இல்லாத கஞ்சனுக்கே என் வயசின் அருமை தெரிகிறது. இன்று காலை பால் காய்ச்சிவிட்டோம். பால் கிழக்குப் பக்கம்தான் பொங்கியது. மூன்று நாளில் முதல் தடவையாக மணிமொழி சிரித்தாள், ஃபைலை அலமாரியில் வைத்தாள்.

ஆகையால் உன் தயவு எங்களுக்கு வேண்டாம், எக்காலத்திலும் வேண்டாம். உன் வீட்டுப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுக்கமாட்டோம். பெரியவள் என்கிற முறையில் உனக்கும் அருள்மொழிக்கும் ஆசீர்வாதம், முறைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

இப்படிக்கு,
உன் ஒரே அண்ணி
கொளஞ்சியம்மாள்

பின்குறிப்பு: கவரில் உன் விலாசத்தை மனப்பாடத்திலிருந்து எழுதினேன். அனுப்புநர் இடத்தில் இந்த வீட்டு விலாசத்தைப் புரோக்கரிடம் போனில் கேட்டு மணிமொழி எழுதினாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. "இன்னாடி, என்னுதப் பாத்து எழுதிட்டியா?" என்றேன். "இல்ல ஆயா, அவரு சொன்னதத்தான் எழுதனேன். பல்லாவரம்னா வாடகைக்குச் சீக்கிரம் போவும்னு அப்படிச் சொன்னாராம், இது பம்மலாம்" என்றாள். முன்பக்கம் ஓடிப்போய்ப் பெயர்ப்பலகையில் உன் பெயரைப் படித்துவிட்டு வந்தவள் ஃபைலை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதனால் சொல்கிறேன். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், பின்பக்கப் படியைப் பற்றி நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சிய பாலைத் திரும்ப மாட்டுக்குள் விட முடியாது. ஆள் வந்தாச்சு என்று தமிழரசனிடம் சொன்னாயே, இப்போது அது பொய்யில்லை, வந்தாச்சு. பிறவிச் சைவம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நாலாம் கிளாஸில் என் குழம்புச் சட்டியிலிருந்து ஈரலை எடுத்துத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டதை நான் அருள்மொழியிடம் இதுவரை சொன்னதில்லை. சேவல் மொட்டை மாடியில் கட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அருள்மொழியையும் கூட்டிக்கொண்டு மேலே வா. பதினெட்டுப் படிதான், எண்ணிவிட்டேன், மூட்டுவலி ஒன்றும் செய்யாது. "அண்ணி, கிரகப்பிரவேசத்துக்கு வாங்க" என்று கூப்பிடு. கீழே வந்து முன்வாசல் வழியாக நுழைந்து, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு மேலே வந்துவிடுகிறேன். பிள்ளை காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும், அவள் தூங்குவதற்கு முன் வந்தால் நல்லது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் பின்கதவுக்கு அடியில் நானே கொண்டுவந்து தள்ளுகிறேன். முறை தெரிந்தவர்கள் எதையும் நேரில் வந்துதான் கொடுப்பார்கள்.