முந்நூறு டிக்கெட் விற்ற கச்சேரி

மேடை ஏறிப் பாடியே தீருவது என்று ஜெரோம் முடிவெடுத்தார். கூப்பிட்டுப் பாட வைக்கப் பல்லாவரத்தில் ஆளில்லை. கச்சேரியையே நாம் நடத்தினால் யார் தடுப்பது? திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுகிறவர். கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்.

"மேரி! மண்டபம், ஆர்கெஸ்ட்ரா, மைக் செட் எல்லாம் சேத்து அறுபதாயிரம். டிக்கெட் இருநூறு. முந்நூறு வித்தா பிரேக் ஈவன்!"

மனைவி செல்வமேரி தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஈவினிங் பிரேக்குல என்ன தரீங்க?"

"பிரேக் ஈவன்மா! கைநஷ்டம் இல்லாம முதல் திரும்பற இடம்."

"அது தெரியும். ஈவினிங் பிரேக்குல என்ன தரீங்க?"

"ஆளுக்கு ஒரு சாம்பார் வடை, காபி. நாப்பது ரூபாதான்."

"அப்ப டிக்கெட்டுக்கு நூத்தறுபதுதான் கையில நிக்கும். முந்நூத்தி எழுபத்தஞ்சு விக்கணும். நாற்காலி எத்தனை?"

"முந்நூத்தம்பது..."

"ஹவுஸ்ஃபுல் ஆனாலும் நஷ்டம்! எங்கயும் கேள்விப்பட்டதில்லீங்க."

வடை அந்த நிமிஷமே ரத்தானது.

'ஜெரோம் பாடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்தார். பட்டறையிலும் சொந்தத்திலும் தலையில் கட்டி இருநூற்றுப் பத்து டிக்கெட் தள்ளினார். அதோடு வண்டி நின்றுவிட்டது. மொட்டை மாடியில் அவர் பயிற்சி எடுப்பதைக் கேட்டிருந்த தெருவோ, அவர் தலையைக் கண்டாலே கதவைச் சாத்தியது.

"மீதி தொண்ணூறையும் இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள் செல்வமேரி. உலை கொதிப்பதற்குள் கையில் ஒரு டிக்கெட்கூட இல்லாமல் திரும்பினாள்.

"அத்தனையும் போச்சா! என்ன சொல்லி வித்தே?"

"எல்லாம் உங்களைப் பத்திதான்."

ஜெரோமுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே போய் ஜிகினா வைத்த கோட்டு ஒன்று வாங்கினார்.

கச்சேரி அன்று நல்ல கூட்டம். கோட்டுக்குள் வியர்த்து வழிய மேடையோரம் நின்றார். அறிவிப்பாளர் சின்மயி "அடுத்ததாக..." என்று இழுக்கும்போதெல்லாம் ஒரு காலைப் படியில் வைத்தார். வேறு பேர் வந்தது, காலை எடுத்தார். கடைசியில் "நன்றி, வணக்கம்" வந்தது.

"என்னம்மா, என் பேரு?"

"மேடம் லிஸ்ட்லேருந்து அடிச்சுட்டாங்களே சார். உங்களுக்குத் தெரியாதா?"

வாசலில் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடினார்.

"மேரி, இன்னா அநியாயம் இது?"

"நீங்க பாட மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணித்தாங்க வித்தேன். முதல் வந்துடுச்சா இல்லியா?"

வந்துவிட்டது. சுருதி சேரவில்லை, கணக்கு சேர்ந்துவிட்டது. ஜெரோம் ஜிகினாக் கோட்டைக் கழற்றினார்.

"சரி... அடுத்த வருஷமாவது ஒரே ஒரு பாட்டு..."

"மெதுவாங்க! ஜனம் வெளிய வருது. காதுல உழுந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பாங்க."